யாருடைய பட்டு? கோம்பாக் காட்டு எறும்புகளின் வரவு செலவு

1890இல் ராயல் ஏசியாட்டிக் சங்கத்தின் நீரிணைக் கிளை நடத்திய இதழில் சில பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. மலாய்க்காரர் கெரெங்கா என்றும் நம்மவர் முசுறு என்றும் சொல்லும் செவ்வெறும்பின் பழக்கங்கள்தாம் அதன் பொருள். மாமரத்திலும் ரம்புத்தான் மரத்திலும் பச்சை இலைகளை வளைத்து ஒட்டி உருண்டையாகக் கூடு கட்டும் எறும்பு அது. 1770இல் கேப்டன் குக்கின் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஜோசப் பேங்க்ஸ், இலைகளை எறும்புகள் கூட்டமாக வளைப்பதையும் ஏதோ பசையால் ஒட்டுவதையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். அந்தப் பசை எங்கிருந்து வருகிறது என்பதற்கு அச்சில் வந்த மிக முந்தைய விடைகளில் ஒன்று ரிட்லியுடையது. எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் கவ்வி வந்து, அவை உமிழும் பட்டு நூலால் இலைகளைத் தைக்கின்றன.

ரிட்லியின் பெயரை அறியாத மலேசியத் தமிழரும் அவர் செய்ததன் விளைவுக்குள்தான் பிறந்திருக்கிறார்கள். 1888இல் பூங்காப் பொறுப்பை ஏற்றவர், காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்த துரைமாரிடம் ரப்பர் விதைகளைத் திணித்துத் திரிந்து ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வாங்கினார். மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சோதித்து நிலைநாட்டியவரும் அவரே. அந்தப் பால்வெட்டுக்கான கைகள் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறின. அதே காலத்தில்தான் தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் பத்துமலைக் குகையில் முருகன் வழிபாடு தொடங்கி, 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. ரிட்லி சிலாங்கூர்க் குகைகளுக்கும் வந்திருக்கிறார். அங்குள்ள வெளிறிய பாம்பைப் பற்றி 1898இல் எழுதினார். இருட்டில் வௌவாலைப் பிடித்துத் தின்னும் அந்தப் பாம்பின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நூறு வயதைத் தாண்டி 1956இல்தான் இறந்தார்.

முசுறைப் பொறுத்தவரை அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய சாட்சி நம்மிடம் உண்டு. நற்றிணையின் 180ஆம் பாட்டில், வயலோரப் பலாமரத்தில் முயிறு, அதாவது முசுறு, மொய்த்திருக்கும் கூட்டை நாரை கலைத்துவிடுகிறது. உள்ளே இருந்தவை செந்நெல் கலந்த வெள்ளரிசியாகச் சிதறுகின்றன. சிவந்தவை எறும்புகள், வெளுத்தவை முட்டையும் புழுவும். நிறத்தையும் உருவத்தையும் அளவையும் ஒரே உவமையில் அடக்கிவிட்ட அந்தப் புலவர் கூட்டை நிச்சயம் அருகில் நின்று பார்த்திருக்க வேண்டும், கடியும் வாங்கியிருப்பார்.

அந்த வெள்ளரிசிதான் நூல் தருவது. இரண்டு இலைகளுக்கு நடுவே சிறு இடைவெளி என்றால் எறும்புகள் வரிசையாக நின்று விளிம்பைக் கடித்து இழுக்கின்றன. இடைவெளி பெரிதானால் ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்வித் தொங்க, சங்கிலி நீள்கிறது. பல சங்கிலிகள் பக்கம் பக்கமாக நின்று ஒரே திசையில் இழுக்கின்றன. விளிம்புகள் நெருங்கியதும் வேறு சில எறும்புகள் வளர்ந்த புழுக்களைத் தூக்கி வருகின்றன. உணர்கொம்பால் இலையைத் தட்டிப் பார்த்து, புழுவின் தலையை விளிம்பில் ஒற்றுகின்றன. பட்டு ஒட்டிக்கொள்கிறது. பிறகு எதிர் விளிம்பு, மறுபடி இந்த விளிம்பு என்று தறியில் ஓடும் நாடாவாகப் புழு போய் வருகிறது.

எறும்பினங்கள் பலவற்றில் புழு அந்தப் பட்டால் தன்னைச் சுற்றி உறை நெய்துகொண்டு, அதற்குள் பத்திரமாக உருமாறும். முசுறின் புழுவுக்கு உறை கிடையாது. இருந்த பட்டையெல்லாம் கூட்டுக்குக் கொடுத்துவிட்டு வெற்றுடம்போடு கூட்டுப்புழு ஆகிறது. எறும்புச் சமூகம் எவ்வளவு ஒற்றுமையானது, எவ்வளவு ஒழுங்கானது என்று வியந்து எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். வியப்பைவிட ஒரு கணக்குப் பிள்ளையின் கேள்வி இங்கே அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். செலவு யாருடைய உடம்பிலிருந்து போகிறது?

புழுவிடமிருந்து ஒரு பங்கு போகிறது. இன்னொரு பங்கு கிழடுகளிடமிருந்து. முசுறின் ஒரு குடியிருப்பில் ஐந்து லட்சம் வரை எறும்புகள் இருக்கலாம். பல மரங்களில் பரவி, நூறுக்கு மேற்பட்ட கூடுகளில் அவை வாழும். எல்லையோரத்தில் சில கூடுகளில் முட்டையோ புழுவோ இருப்பதில்லை, காவல் எறும்புகள் மட்டுமே. ஜெர்மானிய எறும்பியலாளர் பெர்ட் ஹோல்டோப்லர் ஆஸ்திரேலியாவில் இக்கூடுகளை ஆராய்ந்து 1983இல் எழுதினார். அங்கே இருப்பவை வயதான வேலைக்கார எறும்புகள். பக்கத்துக் குடியிருப்பு படையெடுத்தால் முதலில் மோதுவதும் மடிவதும் இவையே. மனிதர் இளைஞரைப் போருக்கு அனுப்புகிறார்கள், எறும்புகள் கிழவிகளை அனுப்புகின்றன என்று எறும்பியலாளர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேலைக்கார எறும்பு எல்லாமே பெண் என்பதால் கிழவி என்பது சரிதான். இளம் எறும்பு இன்னும் பல நாள் குஞ்சு வளர்க்கும், கிழவிக்கு மிச்சமிருக்கும் நாள் கொஞ்சம். கூட்டின் கணக்கில் எந்தச் சாவு மலிவு என்பதே கேள்வி.

பத்துமலையிலிருந்து வடகிழக்கே, பழைய பெந்தோங் சாலை மலையேறும் வழியில், உலு கோம்பாக்கில் மலாயா பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு மையம் இருக்கிறது. 1960களில் தொடங்கியது. கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காராக் நெடுஞ்சாலை வந்தபின் பழைய சாலையில் போக்குவரத்து குறைந்துவிட்டது. பிராங்க்ஃபுர்ட் பல்கலைக்கழகத்தின் உல்ரிக் மாஷ்விட்ஸும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து வேலை செய்த இடம் இது. உலக எறும்பியல் பாடநூல்களில் இன்று நிலைத்துவிட்ட சில அதிசயங்கள் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தும் இதையொத்த மலேசியக் காடுகளிலிருந்தும் போனவை. தைப்பூசத்துக்கு 272 படி ஏறும் லட்சக்கணக்கானோரில் மலைக்குப் பின்னால் இப்படியொன்று நடந்ததைக் கேள்விப்பட்டவர் சிலரே இருப்பர்.

1974இல் மாஷ்விட்ஸ் தம் மனைவி எலியோனோருடன் சேர்ந்து வெடிக்கும் எறும்பைப் பற்றி எழுதினார். கொலொபோப்சிஸ் சாண்டர்சி என்பது இன்றைய பெயர். எல்லா எறும்புக்கும் தாடையடியில் ஒரு சுரப்பி உண்டு. இந்த இனத்தின் வேலைக்கார எறும்புக்கு அது தலையிலும் மார்பிலும் அடங்காமல் வயிறு வரைக்கும் நீண்டு, உடம்பு முழுவதையும் நிறைத்துக் கிடக்கிறது. எதிரி எறும்பு பிடித்துக்கொண்டால் வயிற்றுத் தசையை வெடுக்கென்று இறுக்குகிறது. தோல் கிழிந்து, ஒட்டும் நஞ்சுப் பசை எதிரியின்மேல் பீறிடுகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு சாகின்றன. 2018இல் புருணைக் காட்டிலிருந்து இதன் சொந்தக்கார இனம் ஒன்றை விவரித்தவர்கள் அதற்குக் கொலொபோப்சிஸ் எக்ஸ்புளோடென்ஸ் என்றே பெயரிட்டார்கள். அதில் சின்ன வேலைக்காரிகள் வெடிக்கின்றன. பெரிய தலை கொண்டவை தலையையே தக்கையாக வைத்துக் கூட்டின் வாசலை அடைக்கின்றன.

தற்கொலையை இயற்கைத் தேர்வு எப்படிப் பொறுத்துக்கொள்கிறது என்று டார்வின் காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1964இல் வில்லியம் ஹாமில்டன் கொடுத்த விடை சொந்தபந்தக் கணக்கு. எறும்பில் ஆண், கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது. அதனால் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த சகோதரிகள் மரபணுவில் முக்கால் பங்கு ஒத்திருப்பார்கள். வேலைக்காரி தானாகப் பெண் பிள்ளை பெற்றால் அரைப் பங்குதான். ஆகவே ராணி வழியாகத் தங்கைகள் பெருகுவதே அவளுக்கு லாபம். அழகான கணக்கு, ஆனால் முழுக் கதை அல்ல. பல இனங்களில் ராணி பல ஆண்களுடன் கூடுகிறாள், முக்கால் பங்கு கரைந்துவிடுகிறது, அப்படியும் வேலைக்காரிகள் கூட்டுக்காகச் சாகின்றன. முட்டையிட வழியற்றுப் பிறந்த உடம்புக்குக் கூட்டைத் தவிர வேறு எதிர்காலம் இல்லை என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு ஓரளவு நேராகிறது.

எல்லாச் செலவும் இத்தனை பயங்கரம் அல்ல. இங்குள்ள ராட்சத மூங்கிலின் கணுக்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் மட்டுமே வாழும் எறும்பு கட்டாலகஸ் மியூட்டிகஸ். பூச்சிகள் போட்ட சிறு ஓட்டைதான் வாசல். மாலை மழை பிடித்தால் தண்டு வழியே ஓடும் நீர் அந்த ஓட்டைக்குள் புகும். முதலில் சில எறும்புகள் ஓட்டையில் தலையை வைத்து அடைக்கின்றன. அதையும் மீறி உள்ளே ஈரம் ஏறினால், வேலைக்காரிகள் அந்த நீரைக் குடித்து, வெளியே வந்து மூங்கில் தண்டின்மேல் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்துவிட்டு, திரும்பப் போய்க் குடிக்கின்றன. உள்ளே காயும் வரை இதே வேலை. யோவாகிம் மூக், மாஷ்விட்ஸ் ஆகியோர் 2000இல் இதை வெளியிட்டபோது கூச்சமில்லாமல் ‘கூட்டுச் சிறுநீர் கழிப்பு’ என்றே தலைப்பிட்டார்கள். வெள்ளநீருக்காகக் கோலாலம்பூருக்கு அடியில் 9.7 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி 2007இல் திறந்தோம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா வீடுகளில் கூரை மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. எறும்பின் ஏற்பாட்டைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி நமக்குக் கொஞ்சம் குறைவு.

மாஷ்விட்ஸும் ஹைன்ஸ் ஹேனலும் 1985இல் எழுதிய இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. டோலிகோடெரஸ் கஸ்பிடேட்டஸ் என்ற எறும்புக்கு ஊரே கிடையாது. மண்ணில் புற்றுத் தோண்டுவதில்லை, இலையில் கூடு நெய்வதில்லை. ஆயிரக்கணக்கான எறும்புகள் ஒன்றையொன்று பற்றித் தொங்கி, தங்கள் உடம்புகளாலேயே சுவரும் கூரையும் ஆகி, உள்ளே ராணியையும் குஞ்சுகளையும் மாவுப்பூச்சிகளையும் வைத்துக்கொள்கின்றன. ஒரு கூட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேல் எறும்புகளும் ஐந்தாயிரத்துக்கு மேல் மாவுப்பூச்சிகளும் எண்ணப்பட்டன. மாவுப்பூச்சி இளந்தளிரின் சாற்றை மட்டுமே உறிஞ்சும். சாற்றில் சர்க்கரை அதிகம், அது தின்று மிச்சமாகக் கழிக்கும் தித்திப்பு நீரே எறும்பின் சோறு. தளிர் முற்றினால் எறும்புகள் மாவுப்பூச்சிகளை வாயில் தூக்கிக்கொண்டு அடுத்த செடிக்கு நடக்கின்றன. மேய்ச்சல் தொலைவானால் முழுக் கூட்டமும் இடம் பெயர்கிறது. மாவுப்பூச்சிகளும் பழகியவை. ஆபத்து என்று தெரிந்தால் தூக்க வசதியாக உடம்பை நிமிர்த்திக் கொடுக்கின்றன. பிரித்து வைத்தால் இரண்டு தரப்பும் பிழைப்பதில்லை. மந்தை மேய்த்து நாடோடியாக வாழும் எறும்பை அதற்கு முன் யாரும் விவரித்ததில்லை.

மரமும் எறும்பும் கூட்டாளி ஆவதைப் பார்க்க நடுக்காட்டுக்குப் போகவேண்டியதில்லை. காட்டை வெட்டிய இடம், மண் சரிந்த மேடு, சாலையோரம் என்று எங்கும் முதலில் முளைக்கும் அகன்ற இலை மரம் மஹாங். மேற்குத் தொடர்ச்சி மலையின் வட்டக்கண்ணி மரம் இதற்குச் சொந்தம். மஹாங் இனங்கள் சிலவற்றின் தண்டு உள்ளீடற்று இருக்கும். கன்றாக இருக்கும்போதே கிரெமட்டோகேஸ்டர் வகை ராணி ஒன்று தண்டைக் குடைந்து உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். பிறகு அந்தக் குடும்பம் மரத்தை விட்டு இறங்குவதே இல்லை. மரம் இலைக்காம்பினடிச் செதில்களுக்குக் கீழே சின்னஞ்சிறு வெள்ளை உணவு மணிகளைச் சுரந்து கொடுக்கிறது. தண்டுக்குள் எறும்புகள் வளர்க்கும் செதில்பூச்சிகள் இனிப்புக்கு. கைம்மாறாக எறும்புகள் இலை தின்னும் பூச்சிகளை விரட்டுகின்றன, மரத்தைச் சுற்றவரும் கொடிகளின் நுனியைக் கடித்துத் துண்டிக்கின்றன.

பிரிகிட்டே ஃபியாலா, மாஷ்விட்ஸ், கெப்போங் வன ஆய்வு நிலையத்தின் தோ யோ போங் முதலானோர் 1989இல் வெளியிட்ட கோம்பாக் ஆய்வில், எறும்பில்லாத மரங்கள் பூச்சிக்கு அதிக இலையைப் பறிகொடுத்தன. மஹாங்கில் வேறு சில இனங்கள் தண்டின்மேல் வெண்மெழுகு பூசிக்கொண்டிருக்கும். மற்ற எறும்புகளுக்கு அதில் கால் வழுக்கும், கூட்டாளி எறும்பு மட்டும் தடையின்றி ஏறும். வேண்டாதவர் ஏறிவந்து உணவு மணியைத் தின்னாமலிருக்க மரமே போட்ட பூட்டு அது. வால்டர் ஃபெடர்லேயும் உடன் ஆய்ந்தோரும் 1997இல் இதை நிறுவினார்கள்.

எந்தப் பூட்டுக்கும் கள்ளச்சாவி வந்துவிடும். அர்ஹோபாலா என்ற நீலநிறப் பட்டாம்பூச்சிகள் சிலவற்றின் புழுக்கள் இதே மஹாங் இலையில் உட்கார்ந்து, காவல் எறும்புகளுக்கு முன்னாலேயே இலையைத் தின்கின்றன. முதுகிலுள்ள சுரப்பியிலிருந்து இனிப்புத் துளியை அவ்வப்போது கொடுத்தால் போதும், காவலர்கள் கண்டுகொள்வதில்லை. மரம் சோறு போடுகிறது, எறும்பு கையூட்டு வாங்குகிறது, புழு இலையைத் தின்கிறது. 1984இல் அச்சேறிய இந்த விவரத்தைப் படிக்கும் எவருக்கும் ஏதாவது ஓர் அலுவலகம் நினைவுக்கு வராமல் இராது.

இன்னொரு திருட்டு வாசனை வழியாக நடக்கிறது. லெப்டோஜெனிஸ் டிஸ்டிங்குவெண்டா இரவில் படை திரண்டு வேட்டைக்குப் போகும் எறும்பு, அடிக்கடி இருப்பிடத்தை மாற்றும். எறும்புக்குத் தன் கூட்டாரை அடையாளம் காட்டுவது தோலின்மேல் படிந்த மெழுகின் வாசனை. வாசனை வேறானால் கடித்துக் கொல்லும். இந்தப் படையோடு, மலையத்தேலுரா என்னும் செதிலுடம்புப் பூச்சி ஒன்றும் நடக்கிறது. நம் ஏடுகளையும் பழைய புத்தகங்களையும் அரிக்கும் இராமபாணப் பூச்சியின் உறவு. கிறிஸ்டோஃப் ஃபோன் பீரன், ஃபோல்கர் வித்தே, மலாயா பல்கலைக்கழகத்தின் ரோஸ்லி ஹாஷிம் முதலானோர் 2011இல் காட்டியது இதுதான்: பூச்சிக்குச் சொந்தமாக அந்த வாசனை இல்லை. எறும்புகள்மேல் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொள்கிறது. சில நாள் எறும்புகளிடமிருந்து பிரித்துவைத்தால் வாசனை தேய்ந்துவிடுகிறது, திரும்ப விட்டால் தாக்கப்படுகிறது. மாஷ்விட்ஸின் பெயர் சூட்டப்பட்ட சிலந்தி ஒன்றும் இதே படையின் தடத்தை மோப்பம் பிடித்துக் கூடவே இடம் பெயர்கிறது. ஆக, இத்தனை கண்டிப்பான காவல் உள்ள சமூகத்துக்குள்ளும் செலவில் பங்கு கொடுக்காமல் வரவில் மட்டும் கைவைப்பவர்கள் நிம்மதியாகக் குடியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் நடத்துவது யார்? ராணிக்கு முட்டையிடும் வேலை மட்டும். அவள் கட்டளை இடுவதில்லை. அரிசோனாவில் அறுவடை எறும்புகளைப் பல்லாண்டு கவனித்த டெபோரா கார்டன், வெளியே போவதா உள்ளேயே இருப்பதா என்று ஓர் எறும்பு முடிவுசெய்வது, இரையோடு திரும்பும் எறும்புகளை எவ்வளவு அடிக்கடி அது சந்திக்கிறது என்பதைப் பொறுத்தது என்று காட்டினார். ஆணை இல்லை, மேஸ்திரி இல்லை, தொட்டுக்கொள்ளும் வேகம் மட்டும் உண்டு.

சுறுசுறுப்புக்கு எறும்பை உதாரணம் காட்டிப் பிள்ளைகளை அதட்டுவது நம் வழக்கம். அரிசிமாவில் கோலமிட்டு எறும்புக்கு ஈயும் வழக்கம் அதைவிட அர்த்தமுள்ளது. ஏனென்றால் முதல் வழக்கத்துக்கு ஆதாரம் பலவீனம். அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் டேனியல் சார்போனோவும் அன்னா டோர்ன்ஹாஸும் டெம்னோதோராக்ஸ் வகை எறும்புகளுக்கு வண்ணப்புள்ளி வைத்து ஒவ்வொன்றையும் படம்பிடித்தார்கள். ஏறக்குறைய 40 விழுக்காடு பெரும்பாலும் சும்மாவே இருந்தன. மிகவும் உழைத்த 20 விழுக்காட்டை எடுத்துவிட்டதும் ஒரு வாரத்துக்குள் சும்மா இருந்தவற்றில் சில எழுந்து அந்த வேலையைப் பார்த்தன. சோம்பேறிகளை எடுத்துவிட்டபோது அந்த இடம் அப்படியே காலியாகக் கிடந்தது. கூட்டத்துக்கு அவை சேமிப்புக் கையிருப்பு. வேலையில்லாமல் கை கட்டி நிற்பதும் ஒரு வகைச் செலவுதான், கூட்டம் அதைத் தாங்கிக்கொள்கிறது.

முசுறைக் கூலியாகப் பயன்படுத்தும் யோசனை பழையது. தென்சீனத்தில் ஆரஞ்சுத் தோட்டக்காரர் முசுறுக் கூட்டை விலைக்கு வாங்கி மரத்தில் கட்டியதைப் பழஞ்சீன நூல்கள் சொல்கின்றன. ஒடிசாவின் மயூர்பஞ்சில் இதே எறும்பைத் துவையலாக அரைத்து, 2024இல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். பத்துமலைக்குப் பக்கத்திலேயே கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகம் மஹோகனிக் கன்றுகளின் நுனிக்குருத்தைத் துளைக்கும் புழுவுக்கு எதிராக முசுறைச் சோதித்தது. மஹோகனி பயிரிட்டவர்களைப் பல நாடுகளில் கையை விட வைத்த புழு அது. முசுறு குடியேறிய மரங்களில் அதன் சேதம் குறைந்தது. மருந்துச் செலவு மிச்சம், மண்ணுக்கும் ஆற்றுக்கும் நஞ்சு போகாது. முதலாளியின் கணக்கில் இது நல்ல வரவு.

செலவுப் பக்கம் வேறிடத்தில் எழுதப்படுகிறது. மரத்தடியில் களை எடுப்பவர், கிளை கழிப்பவர், காய் பறிப்பவர் ஆகியோரின் கழுத்திலும் அக்குளிலும் முசுறு இறங்கும். கடித்த இடத்தில் வயிற்றை வளைத்து அமிலத்தையும் பீய்ச்சும். கொக்கோத் தோட்டத்திலும் பழத்தோட்டத்திலும் இந்த எறும்பைக் கண்டதும் கூட்டோடு கொளுத்தியவர்கள் பயிரின் நன்மை தெரியாதவர்கள் அல்லர், அந்தக் கடிக்குக் கூலி தனியாக வரவு வைக்கப்பட்டதில்லை என்பது தெரிந்தவர்கள். மலேசியத் தோட்டங்களில் இன்று அந்த வேலையைச் செய்யும் கைகள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவை.